கறுப்பு விழுந்தால்தான் நெருப்புக் காய்ச்சலா?

மாரி பெய்து கிணறுகள் நிரம்பும் காலத்தில், ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுப் பக்கங்களில் நாலு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால் டெங்கு என்போம், எலிக்காய்ச்சல் என்போம். நெருப்புக் காய்ச்சலின் நினைவு பிந்தித்தான் வரும். ஆய்வுகூட அறிக்கை கைக்கு வந்தபின் வீட்டில் நடக்கும் விளக்கங்களோ தனிக் கதை.

நம்பிக்கை: கல்ச்சரில் (கிருமி வளர்ப்பில்) ஒன்றும் வளரவில்லை, ஆகவே நெருப்புக் காய்ச்சல் இல்லை.

உண்மை: அப்படி அடித்துச் சொல்ல முடியாது. நோயுள்ள பத்துப் பேரில் ஐந்தாறு பேரின் குருதியில்தான் கிருமி வளர்ந்து காட்டும். ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஒரு கிருமிகூட இல்லாதிருக்கலாம். அதனால்தான் தாராளமாகக் குருதி எடுக்கிறார்கள், 'இவ்வளவு ஏன்?' என்று முகம் சுளிக்க வேண்டாம். முதல் வாரத்தில் குருதி, பிந்திய வாரங்களில் மலம் என்பது பொதுக் கணக்கு. பாமசியில் வாங்கி விழுங்கிய அன்ரிபயோட்டிக் இரண்டையும் கெடுத்துவிடும்.

நம்பிக்கை: வளர்ப்புத் தட்டில் கறுப்பு விழுந்தால் நெருப்புக் காய்ச்சலைத் தரும் சல்மொனெல்லா, விழாவிட்டால் இல்லை.

உண்மை: ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் மாணவரும் நம்பும் கதை இது. மலத்தில் பல வகைப் பற்றீரியாக்கள் இருக்கும். அவற்றை அடக்கி, தேடும் கிருமிக்கு இடம்விடுவதே தெரிவு ஊடகத்தின் வேலை. எக்ஸ்.எல்.டி. தட்டில் பெரும்பாலான சல்மொனெல்லாக்கள் நடுவில் கறுத்த சிவப்புக் கொலனிகளாக வளரும். அவை வெளிவிடும் ஐதரசன் சல்பைட்டு இரும்புடன் சேர்வதால் வரும் கறுப்பு அது. ஆனால் நெருப்புக் காய்ச்சலின் முதற்காரணமான ரைபி அந்த வாயுவை மிகச் சொற்பமாகவே விடும். இதே வகைக் காய்ச்சலைத் தரும் பரரைபி ஏ பெரும்பாலும் விடுவதே இல்லை. கறுப்பை மட்டும் தேடும் கண்ணுக்கு இரண்டுமே தப்பும். மறுபக்கம், புரோட்டியசும் கறுப்புக் காட்டி ஏமாற்றும். எனவே உயிரிரசாயனச் சோதனையும் சீரத் திரட்சிச் சோதனையும் முடியாமல் பெயர் வைக்கக் கூடாது.

நம்பிக்கை: நல்ல ஊடகம் ஒன்று இருந்தால் போதும்.

உண்மை: எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஊடகம் இல்லை. உணவுச் சோதனையில் பெயரெடுத்த றப்பபோட் திரவ ஊடகம் ரைபியை அடக்கிவிடும். ரைபிக்குச் செலனைற்றுத் திரவமே தோது. 1920களில் வில்சனும் பிளெயரும் தந்த பிஸ்மத் சல்பைற்றுத் தட்டில் ரைபி உலோக மினுக்கத்துடன் கறுத்து நிற்கும். ஆனால் தட்டு புதிதாக இருக்க வேண்டும், 48 மணித்தியாலம் காக்கவும் வேண்டும். மக்கொங்கி தட்டு கிருமிகளை அவ்வளவாக வடிகட்டாது, மலிவு. ஆகவே வசதியுள்ள இடங்களில் மென்மையான தட்டொன்றும் கடுமையான தட்டொன்றும் சேர்த்தே போடுவார்கள். என் கணிப்பில், வன்னி வெயிலில் அரைநாள் கிடந்து காய்ந்த மலத்தை எந்த உயர்ந்த தட்டாலும் மீட்க முடியாது. உடனே அனுப்ப முடியாவிட்டால் கரி பிளெயர் கடத்தூடகத்தில் வைத்து அனுப்ப வேண்டும்.

நம்பிக்கை: வைடால் பொசிற்றிவ் என்றால் முடிந்தது.

உண்மை: 1896இல் வந்த அந்தச் சோதனை கிருமியைக் காட்டுவதில்லை, உடலில் உண்டான பிறபொருளெதிரியையே காட்டும். பழைய தொற்றும் தடுப்பூசியும் அதைக் குழப்பும். எந்த மருந்து கேட்கும் என்பதையும் அது சொல்லாது.

காய்ச்சல் நீடித்தால் குளிசைக்கு முன் மாதிரியைக் கொடுங்கள். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், வெற்றுறையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.