கண்ணுக்குத் தோன்றாப் பகைவர்

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் கோட்டுச்சேரி. வயலும் வாய்க்காலும் ஒருபால், கடல் மற்றொருபால். காவிரியின் கடைமடையில் உள்ள இத்தகைய ஊர்களுக்கு நீரே வாழ்வு. அந்நீர் மாசுற்றால் அதுவே நோய்க்கும் வாயிலாகும். இவ்வுண்மையைக் காரைக்கால் மாவட்டம் 2022ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டது.

அவ்வாண்டு ஜூன் திங்களின் இறுதியில், மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்து மக்கள் வயிற்றுப்போக்கும் வாந்தியும் கொண்டு மருத்துவமனையை நாடினர். சிலருக்குக் காலரா எனப்படும் வாந்திபேதி கண்டிருப்பது ஆய்வில் வெளிப்பட்டது. ஜூலை 3ஆம் நாள் புதுச்சேரி அரசு, காரைக்காலில் பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. நீரைக் காய்ச்சியே பருகவேண்டும் என்று மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. கழிவுநீர் குடிநீரோடு கலந்தமையே இத்துன்பத்திற்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

ஊரையே கலங்கச் செய்த அப்பகைவன் எத்தன்மையன்? காற்புள்ளி போல் வளைந்த சிற்றுயிர் அது. ஏறத்தாழ 500 கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாலும் அவ்வரிசையின் நீளம் 1 மில்லிமீட்டரே ஆகும். ஆயினும் நோய்க்கிருமிகள் அனைத்தும் ஓரினத்தன அல்ல. அவை தீங்கு செய்யும் முறையும் ஒன்றன்று.

காலராக் கிருமி பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. பாக்டீரியாக்களுள் நோய் செய்வன சிலவே. பாலைத் தயிராக்குவன போல நன்மை செய்வனவும் உண்டு. வைரஸ் என்பது பாக்டீரியாவினும் மிகச் சிறியது. தானே தனித்துப் பெருக வல்லதன்று. வீட்டினுள் புகுந்த கள்வன் வீட்டுக்குரியவனையே ஏவல் கொள்வது போல, உடலின் உயிரணுவினுள் புகுந்து, அதனைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்கிக்கொள்ளும். பெரியம்மையும் டெங்குக் காய்ச்சலும் இவ்வினத்தால் வருவன. மலேரியாவை உண்டாக்குவது ஓரணு உயிர். அது கொசுவின் கடிவழியே உடலுட் புகுந்து, குருதியின் சிவப்பணுக்களில் வளர்ந்து, அவற்றைச் சிதைத்து வெளிப்படும். அப்போதே குளிரும் காய்ச்சலும் தோன்றுகின்றன. பூஞ்சை இனமோ ஈரம் படிந்த தோலைப் பற்றிப் படர்தாமரையை விளைவிக்கும்.

பகைவன் வேறாயின் படைக்கலமும் வேறாதல் வேண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் பெனிசிலின், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆதலின் காய்ச்சல் என்றவுடன் கடையிற் கிடைத்த மாத்திரையை விழுங்குதல் அறியாமையே ஆகும்.

காலரா உயிரைக் கவரும் முறை வியப்புக்குரியது. மாசுற்ற நீரோடும் உணவோடும் புகும் கிருமிகளுள் பல இரைப்பையின் புளிப்பு நீரில் மடியும். எஞ்சியவை சிறுகுடலை அடைந்து அங்கே பற்றிப் பெருகும். இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இக்கிருமியைத் தனித்துப் பிரித்துக் காட்டினார். எனினும் அது கொல்லும் வழி நெடுங்காலம் தெளிவாகவில்லை. 75 ஆண்டுகள் கழிந்து, 1959இல், அதே நகரில் சம்பூநாத் தே என்னும் மருத்துவ அறிஞர் அதனை விளக்கினார். கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, உயிர்க்கிருமி ஒன்றும் இல்லாத அவ்வடிநீரை முயலின் குடலிற் செலுத்தினார்; குடலில் நீர் பெருகித் தேங்கிற்று. எனவே, கிருமி வெளியிடும் நஞ்சே உடலின் நீரையும் உப்பையும் குடலுக்குள் இழுத்து வெளியேற்றுகிறது என்பது புலனாயிற்று. நோயாளி நீர் வறண்டே இறக்கின்றான்.

நோயின் வழி தெரிந்தமையால் மருந்தின் வழியும் தெரிந்தது. அந்நஞ்சு குடலைத் தாக்கினும், சர்க்கரையோடு சேர்ந்த உப்பை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் குடலுக்கு எஞ்சியிருக்கும். உப்பைப் பின்தொடர்ந்து நீரும் உட்செல்லும். 1971இல் வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்புவழி ஏற்றும் நீர் போதாத நிலையில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுக்கச் செய்தார். 100க்கு 30 பேர் என்றிருந்த இறப்பு 4 பேருக்கும் குறைவாயிற்று. காய்ச்சி ஆறிய 1 லிட்டர் நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு அளவு சர்க்கரையும் அரை அளவு உப்பும் கலந்தால் அந்நீரை வீட்டிலேயே ஆக்கலாம். இதனைப் பருகக் கொடுத்துக்கொண்டே நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

கிருமியைக் கண்டது 1884இல். அதன் நஞ்சை அறிந்தது 1959இல். எளிய மருந்தை ஊரறியச் செய்தது 1971இல். இருந்தும் 2022இல் காலரா காரைக்காலுக்கு வந்தது. அறிவு நூலில் இருந்தால் மட்டும் போதாது. அது குழாயடிக்கும் குடத்திற்கும் வந்து சேர்தல் வேண்டும். குடிநீர்க் குழாயில் கசிவு கண்டால் உடனே உரியவரிடம் தெரிவித்தல், ஐயமுற்ற நீரைக் கொதிக்கவைத்தல், உண்ணுமுன்னும் மலங்கழித்த பின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், நீர்நிலையருகே மலங்கழியாமை ஆகியவை சிறுவரும் செய்யத்தக்க செயல்கள். கண்ணுக்குத் தோன்றாப் பகைவரை ஊர் புகாமல் காக்கும் மதில் இவையே.