கல்விக்கடன்: தவணைக்கு விடுப்பு, வட்டிக்கு இல்லை

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்காகக் கல்விக்கடன் கோரும் பெற்றோர் பலர், படிக்கும் காலத்தில் வட்டியே இல்லை என எண்ணுகின்றனர். தவணைக்குத்தான் விடுப்பு, வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஒரு கணக்கைக் காண்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் ரூபாய் பெறுவதாகவும், தனிவட்டி 10 சதவீதம் எனவும் கொள்வோம். வட்டி முதலாண்டில் 10,000. தொடர்ந்து 20,000, 30,000, 40,000. படிப்புக்குப் பிந்தைய ஓராண்டு விடுப்பில் மீண்டும் 40,000. ஆக 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாயாகியிருக்கும்.

முதலாண்டில் மாதந்தோறும் ஏறத்தாழ 833 ரூபாய் செலுத்தினால் அவ்வாண்டு வட்டி தீரும். அடுத்த ஆண்டுகளில் இயன்றதைச் செலுத்தினாலும் பிள்ளையின் சுமை குறையும். அரசின் வட்டி மானியத்துக்குத் தகுதி உண்டா என்பதை விண்ணப்பிக்கும்போதே கிளையில் கேட்டறிக.