"தமிழ்" எத்தனை எழுத்து?

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய பைத்தான் நிரலில் பிழையே இல்லை. "தமிழ்" என்ற சொல்லின் நீளம் கேட்டிருக்கிறாய். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. கணினி ஐந்து என்கிறது. பிட், பைட் என்று நீ மனப்பாடம் செய்த பாடத்தை இந்த ஐந்திலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

கணினிக்கு எழுத்து தெரியாது. அதன் மின்சுற்றில் இருப்பவை இரண்டு நிலைகள்தான். அவற்றை 0, 1 என்கிறோம். அப்படி ஓர் இடம் ஒரு பிட். எட்டு பிட் ஒரு பைட். அதில் 256 எண்களில் ஒன்றை வைக்கலாம். எந்த எண் எந்த எழுத்து என்பது மனிதர்கள் கூடிப் பேசி வைத்த ஏற்பாடு. 1963-ல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி பட்டியலில் ஏழு பிட், 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய 'ஏ'க்கு 65. நமக்கு அதில் இடமில்லை.

அதனால் 1990-களில் தமிழுக்கு ஆளுக்கொரு பட்டியல்: டிஸ்கி, டாப், டாம். ஒன்றில் அடித்ததை இன்னொரு எழுத்துருவில் திறந்தால் ஒரே கந்தரகோளம். கோப்பு கெட்டுப்போயிருக்காது, எண்கள் அப்படியே இருக்கும், படிக்கும் பட்டியல்தான் மாறியிருக்கும்.

உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே பட்டியல் என்று வந்ததுதான் யூனிகோடு. 1991-ல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. 'க'வின் எண் 2965. ஆனால் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கவில்லை. 'மி' என்பது 'ம'வும் கொக்கியுமாக இரண்டு எண். 'ழ்' என்பது 'ழ'வும் புள்ளியும். இப்போது கூட்டிப் பார்: ஒன்று, இரண்டு, இரண்டு.

நம் இலக்கணப்படி மெய்யோடு அகரம் சேர்ந்தால்தான் 'க'. யூனிகோடோ 'க'வை முதலில் வைத்து, புள்ளியிட்டு 'க்' ஆக்குகிறது. தமிழறிஞர்கள் சிலர் இதற்குக் கோபப்பட்டார்கள், கோபம் நியாயம்தான். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற மாற்றுப் பட்டியலையும் ஏற்றது. என்றாலும், எந்த ஊர்க் கைபேசியில் அடித்தாலும் எந்த ஊரிலும் படிக்க முடிகிற வசதி யூனிகோடால் வந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இடக்கணக்கும் பார்த்துவிடு. இணையத்தில் பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறை. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், யூனிகோடில் தனி எண் பெற்ற தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. "தமிழ்" 15 பைட். குறுஞ்செய்திக்கு வேறு முறை: ஒரு செய்திக்கு 140 பைட்தான் இடம். ஏழு பிட் ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்குக் குறி ஒன்றுக்கு 16 பிட் என்பதால் 70 குறிதான். தமிழ்ச் செய்தி சீக்கிரம் இரண்டாக உடைவது இதனால்தான்.

அடுத்து நீ செய்ய வேண்டியது: "தமிழ்" என்பதை நிரலில் தலைகீழாக்கு. 'ழ்' மேலிருந்த புள்ளி தனியே கழன்று முன்னால் வந்து நிற்கும். பிறகு 'கொ'வை இரண்டு விதமாக உருவாக்கு: 2965, 3018 என்று ஒருமுறை, 2965, 3014, 3006 என்று மறுமுறை. திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இரண்டும் சமமா என்று கேட்டால் பைத்தான் இல்லை என்று சொல்லும். கொற்கை என்று தேடியும் ஊர்ப் பட்டியலில் இருக்கிற கொற்கை அகப்படாமல் போக இது ஒரு காரணம். சரிசெய்ய யூனிகோடிலேயே வழி இருக்கிறது. 'இயல்பாக்கம்' என்று பெயர். அதை நீயே தேடிப் படித்து எழுது.

அன்புடன்,
மாமா