நிலையத்துக்கு எவ்வளவு தூரம்?

ஒன்பதாம் வகுப்பில் நிலவரைபடத் திறன்கள் பாடத்தைத் தொடங்கும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பேன். "நம்ம பள்ளிக்கூடத்துலேர்ந்து ரயில்வே ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?" சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்தில் உள்ள சிறிய ஊர் எங்களுடையது. "ஒரு கிலோமீட்டர்", "ரெண்டு கிலோமீட்டர்" என்று பதில்கள் வரும். அளவுகோல் என்றால் என்ன என்று விளக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி பதிலுக்குக் கேள்வி கேட்டாள். "பகல்லயா டீச்சர், ராத்திரியிலயா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க அக்கா ட்ரெயின்ல பாலிடெக்னிக் போயிட்டிருந்தா டீச்சர். திரும்பி வர்றப்ப ஏழு மணி ஆயிடும். அந்த ரோட்டுல லைட் எரியாது. மழைக்காலம் வந்ததும் அப்பா போக வேணாம்னுட்டாரு."

அந்த அக்காவும் என் மாணவிதான். அவள் படிப்பை நிறுத்தியது எனக்குத் தெரியும். வீட்டில் ஏதோ பணக் கஷ்டம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளாக அதே நிலையத்தில் இறங்கித்தான் பள்ளிக்கு வருகிறேன். வாசலிலேயே ஷேர் ஆட்டோவில் ஏறிவிடுவதால், இருட்டிய பிறகு அந்தச் சாலையில் ஒருமுறைகூட நான் நடந்ததில்லை.

அந்த ஒரு கேள்வியிலிருந்து ஆறு வாரச் செயல்திட்டம் ஒன்று உருவானது. நம் பள்ளிகள் பலவற்றுக்கு அருகில் ஒரு ரயில் நிலையமோ பேருந்து நிலையமோ இருக்கிறது. அதனால் நாங்கள் செய்ததையும் செய்த தவறுகளையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முன்னேற்பாடு

தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், நிலைய மேலாளரிடம் முன்கூட்டியே தகவல் ஆகிய மூன்றும் இல்லாமல் புறப்படக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து மூன்று அம்மாக்கள் உடன் வந்தார்கள். தண்டவாளத்தை யாரும் கடக்கக் கூடாது என்பதே முதல் விதி. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி அத்துமீறித் தண்டவாளத்தில் நடப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் டீச்சர் வர்றாங்க" என்றான். ஏன் அப்படி வருகிறார்கள் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளில் ஒன்றாக எழுதிக்கொண்டோம்.

காலடியால் அளத்தல்

பள்ளி மைதானத்தில் டேப்பால் 20 மீட்டர் அளந்து கோடு போட்டோம். இயல்பாக நடந்தால் எத்தனை காலடி வருகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினார்கள். 33 காலடி வந்தால் ஒரு காலடி ஏறத்தாழ 60 செ.மீ. பிறகு பள்ளியிலிருந்து நிலைய வாசல் வரை எண்ணிக்கொண்டே நடந்தோம். ஒருவருக்கு ஒருவர் எண்ணிக்கை வேறுபட்டது. "யாரோடது சரி?" என்ற சண்டையிலிருந்து சராசரி என்ற கருத்து தானாக வந்து நின்றது. கிடைத்த விடை 1.4 கி.மீ. 1 செ.மீ.க்கு 50 மீட்டர் என்ற அளவில் வரைந்தால் 28 செ.மீ. ஒரு சார்ட்டில் அடங்கிவிடுகிறது.

வழியில் நான்கு குழுக்கள் நான்கு விஷயங்களைக் குறித்தன. முதல் குழு நடைபாதையின் அகலத்தை அளந்தது. இரண்டாவது குழு விளக்குக் கம்பங்களை எண்ணியது. மூன்றாவது குழு நிழல் உள்ள இடங்களையும் நீர் தேங்கும் பள்ளங்களையும் குறித்தது. நான்காவது குழு சாலையைக் கடக்க வேண்டிய இடங்களைப் பார்த்தது. குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைகள் காங்கிரஸ் நடைபாதைக்கு வகுத்துள்ள அளவு. டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தில் பிள்ளைகள் டேப் பிடித்தபோது 70 செ.மீ.தான் மிஞ்சியது.

விளக்கு எரிகிறதா என்பதைப் பகலில் பார்க்க முடியாது. பிள்ளைகளை இரவில் அழைத்துப் போவதும் சரியல்ல. எனவே ஒரு மாலை ஏழு மணிக்கு நானும் மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மாவும் நிலையத்திலிருந்து நடந்தோம். ஏரிக்கரைத் திருப்பத்துக்குப் பிறகு அடுத்தடுத்து நான்கு கம்பங்களில் வெளிச்சம் இல்லை. எங்களுக்கு முன்னால் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள், இருட்டு தொடங்கும் இடத்தில் நின்று, பின்னால் வந்த எங்களைப் பார்த்து, "சேர்ந்தே போலாம்க்கா" என்றார்கள். அவர்கள் தினமும் அந்த இடத்தில் துணைக்கு ஆள் வரும்வரை காத்திருப்பார்களாம். பகலில் 17 நிமிடத்தில் நடந்த அதே 1.4 கி.மீ. அன்று அரை மணி நேரமானது. மாணவியின் கேள்விக்கு அன்றுதான் எனக்கு விடை தெரிந்தது.

எப்படி வருகிறார்கள்?

அடுத்த வாரம், காலை 7.30 முதல் 8.30 வரை நிலைய வாசலுக்கு வெளியே நின்று, வருபவர்களை நேர்க்கோட்டுக் குறிகளால் எண்ணினார்கள். நடை, சைக்கிள், இரு சக்கர வண்டி, ஷேர் ஆட்டோ, பேருந்து, கார் என ஆறு கட்டங்கள்.

ஆனால் அட்டவணையைக் கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகள் தீர்வு எழுதிவிட்டார்கள். "சாலையை அகலப்படுத்த வேண்டும், பெரிய வண்டி நிறுத்துமிடம் கட்ட வேண்டும்" என்பதுதான் நான்கு குழுக்களும் எழுதியது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வண்டிதானே! கூட்டிப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து வந்திருந்தார்கள். காரில் வந்தவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். "நடக்கிறவங்களுக்கு நாம ஒண்ணுமே எழுதலையே டீச்சர்" என்று ஒரு மாணவன் சொன்னான். முன்முடிவைத் தரவு மாற்றுவதை அவர்கள் தாமாகவே பார்த்தார்கள். நான் குறுக்கிட்டுத் திருத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு கொடுத்தேன். நிலையத்திலிருந்து 2 கி.மீ. தொலைவில் வீடு. போக, வர 4 கி.மீ. ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் 1,200 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டிக்கு 24 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ. "ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே, எப்படி 2.3 கிலோ வரும்?" என்று ஒருத்தி மடக்கினாள். அறிவியல் ஆசிரியரை அழைத்தேன். பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது என்பதை அவர் பலகையில் எழுதிக் காட்டினார். அந்தப் பாடவேளை முழுவதும் அதற்கே போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர மைய ரயில் நிலையத்தில் 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம் என்று சொன்னதும் பிள்ளைகள் நம்பவில்லை. ஆனால் நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி எங்கள் ஊரில் பல வீடுகளில் இருக்கிறது. நிலையத்தில் அதைப் பூட்டி வைக்கக் கூரையுள்ள, பாதுகாப்பான ஒரு இடம் இருந்தால் 1.4 கி.மீ. ஏழு நிமிடப் பயணம்.

யாரைக் காணவில்லை?

எல்லா அட்டவணையும் முடிந்த பிறகு, முதல் நாள் கேள்வி கேட்ட மாணவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுல எங்க அக்கா இல்லையே டீச்சர்" என்றாள்.

இந்தச் செயல்திட்டத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். நிலைய வாசலில் நின்று எண்ணினால், வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். வர முடியாமல் நின்றுபோனவர்கள் எந்தக் கட்டத்திலும் விழுவதில்லை. எனவே ஒரு வாரம் அவரவர் தெருவில் விசாரிக்கச் சொன்னேன். "உங்கள் வீட்டில் ரயிலில் போகாதவர் யார்? ஏன்?" என்ற இரண்டே கேள்விகள். முட்டிவலியால் நடைமேம்பாலம் ஏற முடியாத பாட்டிகள், கைக்குழந்தை உள்ள அம்மாக்கள், இருட்டுக்குப் பயந்து வேலையை விட்டவர்கள் எனப் பதில்கள் வந்தன. தண்டவாளத்தை ஏன் கடக்கிறார்கள் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. அதில் ஏறி இறங்கத் தெம்பில்லாதவர்கள் பலர்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஊன்றுகோலுடன் நடக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவன் சிரமப்படக் கூடாது என்று, வரைபடம் வரையும் வேலையைக் கொடுத்து வகுப்பிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். இந்தக் கட்டத்தில் அவன், "நான் வந்து பாக்கணும் டீச்சர்" என்றான். ஆட்டோவில் அழைத்துப் போனோம். நிலைய வாசலில் சாய்தளம் இருக்கிறது. எங்கள் பட்டியலில் "சாய்தளம் – உள்ளது" என்று சரிக்குறியும் போட்டிருந்தோம். அவன் அதில் இரண்டு அடி வைத்து நின்றுவிட்டான். அளந்து பார்த்தோம். 45 செ.மீ. உயரத்துக்கு 2.7 மீட்டர் நீளம், அதாவது 1:6. அணுகல் வழிகாட்டுதல்களின்படி 1:12-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 போக்குவரத்து இடங்களில் அணுகல் வசதியை உரிமையாகவே சொல்கிறது. சரிக்குறியை அவனே அழித்து, "உள்ளது; ஏற முடியாது" என்று எழுதினான்.

யாரிடம் கேட்பது?

உள்ளாட்சி அமைப்புகள் பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. ஏழாவது அட்டவணையில் ரயில்வே ஒன்றியப் பட்டியலிலும், சாலை மாநிலப் பட்டியலிலும் வருகின்றன. சாய்தளமும் சைக்கிள் நிறுத்துமிடமும் ரயில்வே. தெருவிளக்கு ஊராட்சி. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறை. பேருந்து நேரம் போக்குவரத்துக் கழகம். ஒரு பயணி ஒரே பயணத்தில் நான்கு கைகளைக் கடந்து போகிறார். இவை சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தடத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. அருகிலேயே ரயில் ஓடியும், பயணிகள் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது.

பிள்ளைகள் மூன்று மனுக்கள் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் வரைபடம், அளவு, தேதி, எந்தக் கம்பம் என்ற விவரம் எல்லாம் இருந்தன. அக்டோபர் 2 கிராம சபையில் பெற்றோர்கள் அதை வைத்தார்கள். சாலை மோசம் என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் "பார்க்கலாம்" என்று முடிந்திருக்கும். கம்ப எண்ணோடு கேட்டதால், அடுத்த மாதமே நான்கில் மூன்று விளக்குகள் எரிந்தன. சாய்தள மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் எழுதுவது இந்த ஆண்டு வகுப்பின் வேலை. எல்லாம் நடந்துவிடும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்டால் என்ன நடக்கிறது என்று பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் பள்ளி வாசலிலிருந்து அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் வரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காலடி எண்ணுதல், நிழல் மரங்களைப் படம் வரைதல், "பாட்டியால் இந்த வழியில் நடக்க முடியுமா?" என்று பேசுதல் போதும். மாற்றுத்திறன் குழந்தை இருந்தால் முதல் நாளிலிருந்தே உடன் அழைத்துச் செல்லுங்கள். நான் செய்த தவறு உங்களுக்கு வேண்டாம்.

அந்த அக்கா பாலிடெக்னிக்குக்குத் திரும்பவில்லை. இப்போது ஊரிலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளின் மனுக்களை நகல் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். காசு வாங்கவில்லை. அவளுடைய தங்கை இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்து பாலிடெக்னிக்தான் என்கிறாள்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன். "நம்ம ஸ்டேஷன் யாருக்கு எவ்வளவு தூரம்?"