பெரிய எண் என்றால் நல்ல எண்ணெயா?

மாணவர்களே, வாகன உபரிப் பாகங்கள் விற்கும் கடையில் கியர் எண்ணெய்ப் புட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றில் '75டபிள்யூ-90' என்றும் பக்கத்துப் புட்டியில் '85டபிள்யூ-140' என்றும் அச்சிட்டிருக்கும். '140 பெரிய எண்ணாயிற்றே, அதுதான் வலுவான எண்ணெய்' என்று நினைத்து வாங்குவோர் உண்டு. ஆனால், அந்த எண் எண்ணெயின் தரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் அன்று. அது என்ன சொல்கிறது என்று இன்று பார்ப்போம்.

டிஃபரென்ஷியலின் வேலை

வாகனம் வளைவில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.5 மீட்டர் என்று கொள்வோம். 90 பாகைத் திருப்பத்தில் வெளிச்சக்கரம் எவ்வளவு கூடுதலாக ஓடும்? 1.5 × 3.142 ÷ 2, அதாவது ஏறக்குறைய 2.36 மீட்டர். இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட்டு, இரண்டுக்கும் இயந்திரத்தின் ஆற்றலைப் பகிர்ந்தளிப்பதே டிஃபரென்ஷியல்.

லோரி, ஹைலக்ஸ் போன்ற வாகனங்களின் பின் அச்சு நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும் இரும்புக் கூடுதான் இதன் வீடு. உள்ளே பினியன் என்ற சிறு பற்சக்கரம், கிரவுன் என்ற பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வது மட்டுமன்றி, வழுக்கி உரசவும் செய்கின்றன. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது அல்லவா? பற்கள் தொடும் பரப்போ மிகச் சிறியது. ஆகவே, அழுத்தம் மிகமிகப் பெரியது. அந்த இடத்தில் உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது, பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான எண்ணெய்ப் படலம். நம் தலைமுடியின் தடிப்போ 50 முதல் 100 மைக்ரோமீட்டர்!

பாகும் பாகுத்தன்மையும்

அம்மா சீனிப்பாகு காய்ச்சும்போது கவனியுங்கள். அடுப்பில் கொதிக்கும்போது நீர்போல ஓடும் பாகு, ஆறியதும் கரண்டியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழியும். ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பே பாகுத்தன்மை. வெப்பம் ஏறினால் அது குறையும். பொதுவான 80டபிள்யூ-90 எண்ணெயின் பாகுத்தன்மை, 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இதனால்தான் புட்டியில் இரண்டு எண்கள். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதனுடன் வரும் எண், எண்ணெய் எந்தக் குளிர்வரை உறையாமல் ஓடும் என்பதைக் காட்டுகிறது. 75டபிள்யூ எண்ணெய் -40 பாகையிலும், 85டபிள்யூ -12 பாகையிலும் இச்சோதனையில் தேற வேண்டும். இரண்டாம் எண், 100 பாகைச் சூட்டில் எவ்வளவு பாகுத்தன்மை மிஞ்சியிருக்கும் என்பதைச் சொல்கிறது. 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்குக்குள், 140 என்றால் 24 முதல் 32.5க்குள். அறை வெப்பநிலையில் நீரின் அளவு ஏறக்குறைய 1 மட்டுமே.

ஒரு வியப்பான செய்தி: இயந்திர எண்ணெய்க்கு வேறு அளவுகோல் உண்டு. அதன்படி 90 எண் கியர் எண்ணெயும் 40 அல்லது 50 எண் இயந்திர எண்ணெயும் சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவு பாகுத்தன்மை கொண்டவை! அளவுகோலை அறியாமல் எண்களை ஒப்பிடக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மிக மெல்லிய எண்ணெய் என்றால், சுமையும் சூடும் ஏறும்போது படலம் அறுந்து பற்கள் தேயும். மிகத் தடித்த எண்ணெய் என்றால், அதைக் கலக்கிச் சுழற்றவே ஆற்றல் வீணாகும், எரிபொருள் செலவு கூடும், எண்ணெயே சூடாகும், தாங்கிகளுக்குள் விரைந்து புகாது.

ஆகவே, தயாரிப்பாளர் இரண்டையும் எடைபோட்டுக் கையேட்டில் எழுதுகிறார். டொயோட்டாவின் பழைய நான்கு சக்கர இயக்க வாகனக் கையேடுகளில், -18 பாகைக்கு மேல் 90 எண் எண்ணெய், அதற்குக் கீழ் 80டபிள்யூ அல்லது 80டபிள்யூ-90 என்று வெப்பநிலையைப் பார்த்தே பிரித்திருப்பார்கள். மலேசியாவில் பனி பொழிவதில்லை. எனவே, நமக்கு இரண்டாம் எண்ணே முக்கியம். கேமரன் மலைக்குக் கனத்த சுமையோடு ஏறும் லோரிக்குக் கையேடு 140 கேட்டால், அதில் நியாயம் உண்டு. வீட்டு வாகனத்துக்கு 90 போதும் என்று கையேடு சொன்னால், 140 ஊற்றுவது கூடுதல் பாதுகாப்பு ஆகாது.

எண்ணோடு இன்னொரு குறியையும் பாருங்கள். 'ஜிஎல்-5' எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரமும் கொண்ட சேர்மங்கள் மிகுதி. படலம் அறுந்தாலும், அவை உலோகப் பரப்பில் காப்புப் பூச்சு ஒன்றை உருவாக்கும். கியர் எண்ணெயின் அந்த நாற்றம் கந்தகத்தால் வருவதே. ஆனால், பித்தளை வளையங்கள் உள்ள சில கியர்பாக்ஸ்கள் 'ஜிஎல்-4' மட்டுமே கேட்கும். அவற்றில் ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை பாதிக்கப்படலாம்.

மைவி போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் டிஃபரென்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். அதற்குத் தனி எண்ணெய் தேடி அலைய வேண்டாம்.

சத்தத்தை மூடி மறைக்காதீர்கள்

பின் அச்சில் 'ஊ' என்ற ஊளைச் சத்தம் கேட்டால், தடித்த எண்ணெயை ஊற்றி அமைதிப்படுத்துவோர் உண்டு. சத்தம் குறையும்; தேய்மானம் குறையாது. காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் வெப்பமானியை ஒளித்து வைப்பது போன்றது அது. அடுத்த முறை வடிகால் ஆணியைக் கழற்றும்போது, அதிலுள்ள காந்தத்தில் இரும்புத் துகள்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். மாவுபோன்ற மெல்லிய படிவு இயல்பு. சில்லுகள் தெரிந்தால் ஆபத்து.

செய்து பாருங்கள்

உயரமான இரு கண்ணாடிக் குவளைகளில் ஒரே அளவு தேன் ஊற்றுங்கள். ஒன்றைக் குளிர்பெட்டியிலும் மற்றதை வெதுவெதுப்பான நீரிலும் அரைமணி நேரம் வையுங்கள். ஒரே அளவுள்ள கோலிக்குண்டை ஒவ்வொன்றிலும் போட்டு, அடியைத் தொட எடுக்கும் நேரத்தைக் குறியுங்கள். இதில் தற்சார்பு மாறி எது? சார்பு மாறி எது? எவற்றை மாறாமல் வைத்திருந்தீர்கள்? விடையை எழுதிய பின், வீட்டு வாகனத்தின் கையேட்டைத் திறந்து, அதில் கியர் எண்ணெய்க்கு என்ன எண் எழுதியிருக்கிறது, ஏன் அந்த எண் என்று அப்பாவுக்கு நீங்களே விளக்குங்கள்.