முழங்கால் மூட்டு மாற்று அறுவை: எப்போது முடிவெடுப்பது?



ஜும்ஆ அன்று பள்ளிவாசலில் ஸஃப்பின் ஓரங்களைக் கவனித்தால் நாற்காலியில் தொழுபவர்கள் பலரைக் காணலாம். அவர்களில் பலருக்கு முழங்கால்தான் காரணம். வீட்டில் தொழும் நம் உம்மாமார்களின் நாற்காலி வெளியே தெரிவதில்லை. ஆனால் மூட்டுத் தேய்மானம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

இந்த விஷயத்தில் நம் குடும்பங்கள் இரண்டு வகையாகச் சிரமப்படுகின்றன. சிலர் பயத்தால் பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டு, வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரு முகாமில் எக்ஸ்ரே எடுத்து, "முழுசா தேஞ்சிடுச்சு" என்று கேட்ட அதே வாரத்தில் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிதானமான ஒரு வழி உண்டு. அதை இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

முழங்காலில் எலும்பின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேயும்போது எலும்போடு எலும்பு உரசி வலி, வீக்கம், இறுக்கம் வருகின்றன. எக்ஸ்ரேயில் தேய்மானம் அதிகமாகத் தெரிந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு. கொஞ்சமாகத் தெரிந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. அதனால் எக்ஸ்ரேயை மட்டும் வைத்தோ, வயதை மட்டும் வைத்தோ முடிவெடுக்கக் கூடாது.

முழங்கால் வலி எல்லாமே தேய்மானமும் அல்ல. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டுகள் இறுகிக் கிடந்தால், கை விரல்களும் வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து உண்டு. மூட்டு திடீரென்று சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இடுப்பு மூட்டின் கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவதும் உண்டு.

அறுவைக்கு முன் செய்ய வேண்டியவை

கீழ்க்கண்டவற்றைக் குறைந்தது மூன்று மாதமாவது ஒழுங்காகச் செய்து பார்க்க வேண்டும்.

1. தொடைத் தசைப் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, தினமும் இருவேளை. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு செய்வது நல்லது.

2. எடை. உடலில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. 5 கிலோ குறைத்தவருக்கு 20 கிலோ பாரம் இறங்குகிறது.

3. கைத்தடி. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்.

4. வலி மருந்து. முதலில் மேலே தடவும் மருந்து. மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிடுங்கள். கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் கெடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் நிவாரணம் தரலாம். ஆனால் அந்த ஊசி போட்டு மூன்று மாதம் ஆகும் முன் மூட்டு மாற்று செய்தால் கிருமித் தொற்றின் ஆபத்து கூடும். "குருத்தெலும்பைத் திரும்ப வளர்ப்போம்" என்று விற்கப்படும் விலையுயர்ந்த ஊசிகளுக்கு அப்படி வளர்த்துக் காட்டிய உறுதியான சான்று இல்லை.

நேரம் வந்துவிட்டதா? ஐந்து கேள்விகள்

மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்த பிறகு, குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

- இரவில் வலி தூக்கத்தைக் கலைக்கிறதா?
- கடைக்கோ பக்கத்துத் தெருவுக்கோ நடக்க முடியாமல் போய்விட்டதா?
- கழிப்பறைக்குப் போவது, குளிப்பது, ஒளு செய்வது ஆகியவற்றுக்கு அடுத்தவர் உதவி வேண்டியிருக்கிறதா?
- தினமும் மாத்திரை இல்லாமல் நாள் ஓடவில்லையா?
- கால் வளைந்துகொண்டே போகிறதா, அல்லது முழுதாக நீட்ட முடியவில்லையா?

பெரும்பாலானவற்றுக்கு "ஆம்" என்றால், எலும்பு மூட்டு நிபுணரிடம் அறுவை பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரே மாதிரி எக்ஸ்ரே உள்ள இரு பெண்மணிகளை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு வயது 52. மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது, பயிற்சி இன்னும் தொடங்கவில்லை. மற்றவருக்கு வயது 68. இரண்டு ஆண்டாகப் பயிற்சி செய்தும் இரவில் தூங்க முடியவில்லை, பேரன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. முதலாமவர் பொறுத்திருக்கலாம். இரண்டாமவர் இன்னும் தள்ளிப்போடுவதில் நன்மை இல்லை.

சீக்கிரம் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. செயற்கை மூட்டுகளில் 10ல் 8 அளவுக்கு 25 ஆண்டுகள் வரை நீடிக்கின்றன. ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே செய்துகொண்டால், ஆயுளுக்குள் மறுபடியும் அறுவை தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது. அந்த இரண்டாவது அறுவை முதலாவதைவிடக் கடினமானது. மிகவும் தாமதிப்பதிலும் சிக்கல் உண்டு. தசை மெலிந்து, மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால், அறுவைக்குப் பிறகும் பழைய நடை முழுதாகத் திரும்புவதில்லை.

ஸஜ்தா பற்றி

"ஆபரேஷன் செய்தால் தரையில் தொழலாமா?" என்பதே நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுவோம். செயற்கை மூட்டு பெரும்பாலும் 110 முதல் 120 டிகிரி வரைதான் மடங்கும். அத்தஹிய்யாத்தில் கால் மடக்கி உட்கார அதைவிட அதிகம் தேவை. சிலரால் முடிகிறது, பலரால் முடிவதில்லை. மண்டியிடும்போது அசௌகரியம் இருப்பதும் சகஜம். இந்த அறுவை தருவது வலியில்லாத நடையும் நிம்மதியான தூக்கமும்தான். தரையில் தொழ வேண்டும் என்பதற்காக மட்டும் செய்துகொண்டால் ஏமாற்றம் வரலாம்.

நாற்காலியில் தொழுவதால் மனம் வருந்தவும் வேண்டாம். மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்றும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நாற்காலியில் தொழும் முறையில் மத்ஹபுகளிடையே சில வேறுபாடுகள் உள்ளன. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். காயத்தில் கட்டு இருக்கும்போது ஒளு செய்யும் முறையையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஹஜ், உம்ரா நிய்யத் உள்ளவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஸஃபா மர்வா இடையே ஏழு முறை நடப்பதே சுமார் 3 கிலோமீட்டர் வரும். அறுவை முடிந்து நன்றாக நடக்க மூன்று மாதமும், முழுப் பலன் தெரிய ஓர் ஆண்டு வரையும் ஆகலாம். பயணத்துக்கு ஓரிரு மாதம் முன்பு அறுவை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தயாராகும் முறை

சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும். பல்லில் சீழ், காலில் புண், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அவற்றைக் குணப்படுத்த வேண்டும். செயற்கை மூட்டில் கிருமி புகுவது 100ல் ஒருவர் அளவுக்கு அரிதுதான். ஆனால் வந்தால் பெரிய துன்பம். புகை பிடிப்பவர்கள் விட்டுவிட வேண்டும்.

வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை, கைப்பிடி, உயரமான கட்டில் ஆகியவற்றை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். அறுவை நடந்த அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். பயிற்சியை விட்டுவிட்டால் நல்ல அறுவையும் வீணாகும். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டுமென்றால் அனுமதியாகும் முன்பே கேளுங்கள். கூச்சத்தால் பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

இவ்வளவும் செய்து, எல்லாம் சரியாக நடந்தாலும், 5 பேரில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி அடைவதில்லை. இதையும் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

பணம்

2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வைத்த விலை வரி நீங்கலாக 54,720 ரூபாய். எனவே மருத்துவமனையில் மூட்டின் விலை, அறுவைக் கட்டணம், அறை வாடகை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறலாம். இத்திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மூட்டு மாற்று செய்யப்படுகிறது.

இது அவசர அறுவை அல்ல. நாளைக்கே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே வட்டிக்குக் கடன் வாங்கி ஓட வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் கருத்துக் கேட்கவும், அட்டைக்கு விண்ணப்பிக்கவும், ஜமாஅத்திலோ நமது அறக்கட்டளையிலோ ஆலோசிக்கவும் நேரம் இருக்கிறது.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒன்று. நம் உம்மாமார்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள். "வயசானா இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் மாடி ஏறுவதை நிறுத்தியதை, உறவினர் வீட்டுக்குப் போகாமல் இருப்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். அதேபோல் அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தவும் கூடாது. வலி அவர்களுடையது, முடிவும் அவர்களுடையதே. விவரத்தைச் சொல்லி, கூட நிற்பது நம் கடமை.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.