மரமும் மனையறமும்

இல்லறத்தார் நாள்தோறும் செய்யும் தொழில்களில் உயிர்களுக்கு ஊறு நேரக்கூடிய இடங்கள் ஐந்து என நம் முன்னோர் எண்ணிச் சொல்லினர். உரல், அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம் என்னும் இவ்வைந்தையும் பஞ்ச சூனை என்பர். இவற்றுள் அடுப்பையும், அதற்கு இரையாகும் விறகையும் பற்றி இப்பாடத்தில் ஆராய்வோம். விறகைப் பேசப் புகுந்தால் மரத்தைப் பேசாதிருக்க இயலாது. ஆகவே நம் அன்றாட வாழ்வில் மரம் கலந்து நிற்கும் இடங்கள் சிலவற்றையும் உடன் காண்போம்.

"வீடுதோறும் எரிவாயு வந்துவிட்ட காலத்தில் விறகைப் பற்றி என்ன பாடம்?" என்று இளைஞர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. இதற்குரிய விடை கட்டுரையின் இறுதியில் தானே புலப்படும்.

1. விறகு வந்த வழி

எம் இளமைப் பருவம் 1960-களில் திருவல்லிக்கேணியில் கழிந்தது. நடுமுற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள் வாழ்ந்த பழைய வீடு அது. குடித்தனத்துக்கு ஓர் அடுக்களை. அதில் ஒரு விறகடுப்பும் ஒரு கரியடுப்பும் இருக்கும். தெருமுனையில் விறகுத் தொட்டி இருந்தது. பெரிய தராசில் கட்டைகளை நிறுத்துத் தருவர். கிலோகிராம் கணக்கு நடைமுறைக்கு வந்த பின்னரும் எம் பாட்டியார் 'இரண்டு மணங்கு' என்றே கேட்பார். சென்னை வழக்கில் மணங்கு என்பது எட்டு வீசை. ஏறத்தாழ 11 கிலோகிராம்.

அக்கட்டைகளிற் பெரும்பாலானவை சவுக்கு. சவுக்கு இம்மண்ணின் பழைய மரமன்று. தென்கிழக்கு ஆசியாவும் ஆஸ்திரேலியாவும் அதன் தாயகம். கசோவாரி என்னும் பறவையின் இறகை ஒத்த தோற்றம் உடைமையால் தாவர நூலார் அதற்குக் கசுவரினா என்று பெயரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், புகைவண்டி எஞ்சின்களுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டிக் கடலோர மணலில் இதனைத் தோப்புத் தோப்பாகப் பயிரிட்டனர். உப்புக் காற்றையும் வெறும் மணலையும் இது பொறுக்கும். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்குகின்றன. ஆதலின் வளமற்ற நிலத்திலும் சில ஆண்டுகளிலேயே வெட்டும் பருவத்தை எய்துகிறது. கட்டை கனமானது, நின்று எரியும். முற்றும் உலராத நிலையிலும் தீப்பற்றும்.

இவ்விறகு நகருக்குள் வந்த வழியும் திருவல்லிக்கேணியை ஒட்டியே செல்கிறது. 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் இருபுறமும் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877, 1878 ஆண்டுகளில் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என்று வழங்கலாயிற்று. உப்பும் தானியமும் கருவாடும் போலவே விறகும் இக்கால்வாயில் படகேறி வந்தது. பசித்தவர் வெட்டிய கால்வாயில் பிறர் அடுப்புக்கு விறகு வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் தகும். இன்று அக்கால்வாயை ஒட்டியே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 1997-இல் மயிலை வரை நீண்ட அத்தடத்தில் திருவல்லிக்கேணியும் ஒரு நிலையம்.

2. தட்டிப் பார்த்தல்

விறகு வந்து இறங்கியதும் எம் பாட்டியார் அதனை உடனே அடுக்களைக்குள் விடமாட்டார். முற்றத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார். பின்னர் ஒவ்வொரு கட்டையையும் எடுத்துக் கல்தரையில் மெல்லத் தட்டுவார். பொத்தும் பட்டையிடுக்கும் இருந்தால் கூர்ந்து நோக்குவார். எறும்பு, கறையான், மரப்பூச்சி, சிற்சில வேளை தேள் என ஏதேனும் இருப்பின் அக்கட்டையை மதிலோரம் தனியே கிடத்திவிடுவார். உயிர்கள் தாமே வெளியேறிய பின்னரே அது அடுப்புக்கு உரியதாகும்.

ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில், வீட்டில் எஞ்சியிருந்த நான்கு கட்டைகளிலும் எறும்புகள் முட்டையோடு குடியேறியிருந்தன. பாட்டியார் அடுப்பு மூட்டவில்லை. அவலை நனைத்து எங்களுக்கு அளித்தார். பசியோடு பள்ளி சென்ற எமக்கு அன்று கோபமே மிகுந்தது. பார்சுவநாதர் வரலாற்றை அவர் கூறியது அன்று மாலையில்தான்.

இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதர் காசியில் அரசகுமாரராக இருந்த காலத்தில், நாற்புறமும் தீ வளர்த்துத் தவம் புரிந்த ஒருவரைக் கண்டார். அத்தீக்குரிய ஒரு கட்டையினுள் இரு நாகங்கள் இருப்பதைத் தம் ஞானத்தால் உணர்ந்து எடுத்துரைத்தார். தவசி நம்பவில்லை. கட்டை பிளந்தபோது ஊறுபட்ட நாகங்கள் வெளிப்பட்டன. பிளக்கவிருந்த கட்டை என்று சில நூல்களும், எரிந்துகொண்டிருந்த கட்டை என்று சில நூல்களும் கூறும். எவ்வாறாயினும் பொருள் ஒன்றே. நோன்பு எத்துணைக் கடுமையாயினும், கையிலெடுத்த கட்டையின் உள்ளிருப்பதை அறியாமற் செய்தால் அது கொலையாகிவிடும்.

மரத்தை ஓரறிவுயிர் என்று தொல்காப்பியரின் மரபியலும் வகுத்துள்ளது. வெட்டி உலர்ந்த கட்டையில் மரத்தின் உயிர் இல்லை. ஆயினும் அது பிற உயிர்களின் உறைவிடம். எறும்பும் கறையானும் மூவறிவுடையன. அவற்றுக்கு அக்கட்டையே ஊர்.

3. எரிதலும் புகைதலும்

இனி, அடுப்பினுள் நிகழ்வதைக் காண்போம். விறகு ஒரே நிலையில் எரிந்துவிடுவதில்லை. முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராகவே இருக்கக்கூடும். அதனை வெளியேற்ற வெப்பத்தின் ஒரு பங்கு செலவாகிறது. அடுத்து, வெப்பத்தால் மரப்பொருள் சிதைந்து வாயுக்களாக வெளிப்படுகிறது. நாம் காணும் தழல் அவ்வாயுக்கள் எரிவதே. இறுதியில் எஞ்சும் கரி தழலின்றிக் கனன்று சாம்பலாகிறது. காற்றுப் போதாமலோ ஈரம் மிகுந்தோ இருந்தால் வாயுக்கள் முழுதும் எரியாமல் தப்பிவிடும். அதுவே புகை. ஆகவே புகை மிகுந்த அடுப்பு விறகையும் வீணாக்குகிறது, மூச்சையும் கெடுக்கிறது. கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்களும் அப்புகையில் உள்ளன. வீட்டினுள் எழும் இத்தகைய மாசினால் 2020-இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் மக்கள் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

எம் பாட்டியாருக்கு அறுபது வயதுக்குள் இருமல் நிலைத்துவிட்டது. கண்கள் எப்போதும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருக்கும். மருத்துவர் ஒருவர், "புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?" என்று வினவியபோது அவர் நாணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். மருத்துவரின் வினா பிழையன்று என்பது எமக்கு விளங்க நாற்பது ஆண்டுகள் ஆயின. நாற்பதாண்டுக் காலம் நாள்தோறும் ஊதுகுழலோடு அடுப்பின்முன் குனிந்திருந்தவர், புகைப்பவர் எவரினும் மிகுதியாகவே புகையை உட்கொண்டிருந்தார்.

இங்கே நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டும். எறும்பின் முட்டைக்கு இரங்கிய இல்லம் அது. அவ்விரக்கம் பாட்டியாருடையது. அவருடைய மூச்சுக்கு இரங்கியவர் யார்? புகைபோக்கி ஒன்று வைக்கலாமே என்று வீட்டு ஆடவர் எவரும் கூறியதில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு 1950-களிலேயே புகையில்லா அடுப்பை வடிவமைத்துப் பரப்ப முற்பட்டார். 1980-களில் நடுவண் அரசும் மேம்பட்ட அடுப்புகளுக்கென ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. எம் வீட்டில் எவரும் அவற்றைத் தேடவில்லை. சோறு சூடாக இலைக்கு வந்துகொண்டிருந்தது, அது போதுமாயிருந்தது.

4. அடுப்புக்கு அப்பால்

மரத்தின் பயன் அடுப்போடு முடிவதன்று. திருவல்லிக்கேணியில் ஒரு நாழிகை நடந்தாலே இது விளங்கும்.

பழைய வீடுகளின் மேற்றளத்தை அண்ணாந்து நோக்குக. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு இட்டுக் கட்டிய 'மெட்ராஸ் டெரஸ்' அது. அவ்வுத்தரங்கள் நூறாண்டு கடந்தும் பாரம் தாங்குகின்றன.

கடற்கரைக்குச் சென்றால், எடை குறைந்த மரத்துண்டங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தை மீனவக் குப்பங்களில் பன்னெடுங்காலம் கண்டோம். அத்தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆயிற்று. சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன், கப்பலிலிருந்து மக்களையும் சரக்கையும் கரைசேர்த்தது மசூலாப் படகு. பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்திருப்பர். அலை மோதும்போது படகு வளைந்து கொடுக்கும்; உடையாது.

கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படும் கட்டடம், 1842-இல் அமெரிக்காவின் டூடர் நிறுவனம் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. பாஸ்டன் நகரிலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த பனிக்கட்டி வழியில் உருகிவிடாமல் காத்தது மரத்தூள். அதன் இடையிடையே அகப்பட்டு நிற்கும் காற்று வெப்பத்தை உட்புக விடுவதில்லை. அதே மரத்தூளைத் தகர டப்பாவில் இறுக்கி, நடுவே துளையிட்டு மூட்டும் மரத்தூள் அடுப்பை எம் அண்டைக் குடித்தனத்தார் வைத்திருந்தனர். மரம் அறுப்பவன் கழித்த தூள், ஓரிடத்தில் குளிரைக் காத்தது. மற்றோரிடத்தில் உலையைக் கொதிக்கவைத்தது.

வீட்டுக்குள் மத்து, மனைப்பலகை, உலக்கை, தொட்டில், நடைவண்டி, ஊஞ்சல் என எத்தனை! வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா, தேருக்கு இலுப்பை. குழந்தையின் மரப்பாச்சி செம்மரத்தால் ஆயது. அம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளர்வது. மிகுதியாக வெட்டப்பட்டு அருகியதால் 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பாட்டி பேத்திக்கு அளித்த பொம்மையின் மரம், இன்று காவலர் காக்கவேண்டிய பொருளாயிற்று.

5. கண்ணில் படாத விறகு

இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் எரிவாயு முதன்முதலில் 1965-இல் கல்கத்தாவில் ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்டது. தமிழக அரசு 2007-இல் ஏழை மகளிருக்கு இலவச அடுப்பு வழங்கத் தொடங்கியது. 2016-இல் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. நம் இல்லத்துப் பெண்டிர் நிமிர்ந்து நின்று, இருமலின்றிச் சமைக்கின்றனர்.

எனினும் விறகடுப்பு நீங்கியதனால் மரம் நம் வீட்டை விட்டு நீங்கிவிட்டதா? நாளிதழும், பள்ளிக் குறிப்பேடும், திருமண அழைப்பிதழும், பொருள் பொதிந்து வரும் அட்டைப்பெட்டியும் மரக்கூழிலிருந்து வருவனவே. முன்பு விறகான சவுக்கு இன்று காகித ஆலைகளுக்கும் செல்கிறது. ஒட்டுப்பலகை அலமாரியும் மரமே. இஸ்திரிப் பெட்டியிலும் உணவகத்து அடுப்பிலும் கனலும் கரிக்காக, சீமைக்கருவேலம் தென் மாவட்டங்களில் மூட்டம் போடப்படுகிறது. அன்று கட்டை நம் முற்றத்தில் கிடந்தது. தட்டிப் பார்க்க முடிந்தது. இன்று அதனை வேறெவரோ நமக்காக வெட்டுகின்றனர், வேறெங்கோ எரிக்கின்றனர். புகையும் அவர்களுக்கே.

எம் பாட்டியார் மறைந்தபோது கிருஷ்ணாம்பேட்டை மயானத்தில் விறகடுக்கியே தகனம் செய்தோம். ஓர் உடலை எரிக்கச் சில நூறு கிலோகிராம் விறகு வேண்டும். வாழ்நாள் முழுதும் கட்டையைத் தட்டிப் பார்த்தவருக்காக அடுக்கிய கட்டைகளை நாங்கள் ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை. அவசரம் என்று சமாதானம் கூறிக்கொண்டோம். அந்நினைவு எம்மை விட்டு அகலவில்லை; இப்பாடத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

அடுப்பு மூட்டாமல் இல்லறம் இல்லை. அதனை நூல்களும் அறியும். ஆனால் பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீயை மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என வகுத்து, அநர்த்த தண்ட விரதத்தில் விலக்கினர். இவ்விரதம் இன்றைக்கு எளிதில் பொருந்துவதே. காகிதத்தின் இருபுறமும் எழுதலாம். பழைய வீடு இடிபடும்போது உத்தரத்தையும் கதவையும் மீண்டும் பயன்படுத்தலாம். விறகு மூட்ட நேர்ந்தால் உலர்ந்த கட்டையைத் தட்டிப் பார்த்து, புகைபோக்கி உள்ள இடத்தில் மூட்டலாம். எரிவாயுத் தகன மேடை உள்ள ஊர்களில் அதனையே தமக்கு வேண்டும் என்று மூத்தோர் முன்கூட்டியே தம் மக்களிடம் சொல்லிவைக்கலாம். நாம் சொல்லிவிட்டோம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பஞ்ச சூனை ஐந்தனுள் இன்று உங்கள் இல்லத்தில் எஞ்சியிருப்பன யாவை? உருமாறியிருப்பன யாவை?

2. ஈர விறகு ஏன் மிகுதியாகப் புகைகிறது? மூன்று நிலைகளையும் வரிசைப்படுத்துக.

3. இன்று காலை முதல் உங்கள் கைபட்ட பொருள்களில் மரத்தால் ஆயவற்றை எண்ணுக. அவற்றுள் தேவையின்றிப் பயன்படுத்தியவை எத்தனை?

4. உங்கள் இல்லத்து அடுப்பின்முன் மிகுதியான நேரம் நிற்பவர் யார்? அவருடைய உடல்நலத்தைக் குறித்து நீங்கள் கடைசியாக எப்போது வினவினீர்கள்?